கிரிப் வெறுமையாக இருக்கும்போது முதல் கடனட்டையை எப்படி எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் ஒன்றரை வருடமாக வேலை செய்கிறீர்கள். மாதம் 95,000 ரூபா சம்பளம். அதில் 45,000 வங்கிக்கு வருகிறது, மிச்சத்தைப் படி என்று சொல்லிக் கையில் தருகிறார்கள். இதுவரை எங்கும் கடன் எடுக்கவில்லை. இரண்டு வங்கிகளில் கடனட்டைக்கு விண்ணப்பித்து இரண்டிலும் மறுத்துவிட்டார்கள். ஒன்றில் காரணமே சொல்லவில்லை, மற்றதில் “கிரிப்பில் ஒன்றுமே இல்லை”, அதாவது உங்கள் பெயரில் கடன் பதிவே இல்லை என்றார்கள். மூன்றாவது வங்கிக்குப் போகலாமா, சினேகிதன் சொல்வதுபோல ஒரு மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்துப் பதிவை உண்டாக்கலாமா, அல்லது ரொறன்ரோவில் இருக்கும் மாமா சொல்வதுபோல நிலையான வைப்பு ஒன்றைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை இரண்டு தரம் வாசித்தேன். எந்த வங்கி தரும் என்பதைவிட, கடன் வாங்காமல் ஒழுங்காக இருந்த என்னை ஏன் ஒதுக்கினார்கள் என்பதுதான் அதில் கூடுதலாகக் கேட்கிறது. அந்த மனவருத்தம் நியாயமானது. நான் யாழ்ப்பாணத்திலும் வடமராட்சியிலும் வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன், இப்போது ஓய்வு. விண்ணப்பத்தை வாசிப்பது, கிரிப் எடுத்துப் பார்ப்பது, சிபாரிசு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது. கடனட்டையில் கடைசி முடிவு பெரும்பாலும் கொழும்பில் உள்ள அட்டைப் பிரிவில்தான் எடுக்கப்படும். அங்கே ஒவ்வொரு வங்கிக்கும் தன்தன் விதிகள் உண்டு, அவற்றை அவர்கள் வெளியில் போடுவதில்லை. ஆகவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, வங்கிக்கு வங்கி மாறக்கூடியது எது என்று பிரித்தே எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: மாமா சொல்வது சரி, சினேகிதன் சொல்வது வேண்டாம், மூன்றாவது வங்கிக்கு இப்போதைக்குப் போகாதீர்கள்.

முதலில் கிரிப் என்றால் என்ன என்பது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் நாங்கள் எல்லோரும் கிரிப் என்கிறோம். மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். “கிரிப்பில போட்டிட்டாங்கள்” என்று எங்கள் சனம் சொல்லும்போது அது ஏதோ கறுப்புப் பட்டியல் என்ற எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். உண்மையில் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ லீசிங் கொம்பனியிலோ கடன் எடுத்த எவருடைய பெயரும் அதில் இருக்கும். ஒழுங்காகக் கட்டியவரும் இருப்பார், கட்டாதவரும் இருப்பார். எவ்வளவு கடன், எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் தாமதம், யாருக்காவது பிணை நின்றிருக்கிறாரா, காசோலை ஏதும் திரும்பியிருக்கிறதா என்பவை அதில் வரும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று கிரிப் சொல்வதில்லை. அதை முடிவெடுப்பது உங்கள் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் வங்கி.

கிரிப்புக்குத் தகவல் கொடுப்பவை கடன் கொடுக்கும் நிறுவனங்கள் என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய நாணயம் பெரும்பாலும் வேறு இடங்களில்தான் தெரியும். இருபது பேர் சேர்ந்த சீட்டில் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டியிருப்பார். சந்தியில் உள்ள கடைக் கொப்பியில் மாதக் கடைசியில் கணக்கை முடித்திருப்பார். கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் தவறியே இருக்காது. இதில் எதுவும் கிரிப்புக்குப் போகாது. நகையை ஈடு வைத்து மீட்பதையும் கடன் அதிகாரி பெரிதாக எடுப்பதில்லை, ஏனென்றால் அங்கே வங்கி நம்பியது பவுணை. இப்படி வளர்ந்த ஒருவருடைய கிரிப் வெறுமையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, அவமானமும் இல்லை. வெறுமையான அறிக்கையைப் பார்க்கிற அதிகாரிக்கு உங்களைப் பற்றி நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. ஈடு எதுவும் இல்லாமல் கொடுக்கிற கடன் என்பதால், தெரியாத இடத்தில் அவர் வேண்டாம் என்று எழுதுவது சுலபம். கெட்ட பதிவுள்ளவரை மறுப்பதும் உங்களை மறுத்ததும் ஒன்றல்ல. அவர் பழைய நிலுவையை முடித்து வரவேண்டும், உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை.

இணையத்தில் பார்க்கிற ஆலோசனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பார்க்கும் தமிழ்க் காணொளிகளில் அரைவாசி தமிழ்நாட்டில் இருந்து வருபவை. அங்கே சிபில் என்ற நிறுவனம் 300 இலிருந்து 900 வரை புள்ளி போடுகிறது, 750 க்கு மேல் இருந்தால் நல்லது என்று சொல்கிறார்கள். அது இந்தியக் கணக்கு. எங்கள் கிரிப்பும் இப்போது புள்ளி போடுகிறதுதான், ஆனாலும் சென்னையில் சொல்கிற 750 ஐ வைத்து இங்கே எதையும் அளக்க முடியாது. அதேபோல அட்டையின் எல்லையில் 30 சதவீதத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது என்ற ஆலோசனை அமெரிக்காவில் இருந்து வந்தது. அப்படிப் பாவிப்பது கெடுதல் இல்லை, ஆனால் இலங்கையில் அது விதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாமாவுக்குக் கனடாவில் எவ்வளவு நல்ல பதிவு இருந்தாலும் அது உங்களுக்கும் உதவாது, அவரே நாளைக்கு ஊருக்கு வந்து குடியிருந்தால் அவருக்கும் உதவாது. அங்குள்ள பணியகங்களின் பதிவு இங்கே வருவதில்லை. ஆனால் அங்கே புதிதாகப் போய் இறங்குகிறவர்கள் வைப்பு ஒன்றைக் கட்டித்தான் முதல் அட்டையை எடுக்கிறார்கள். மாமா அந்த அனுபவத்தை வைத்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வழி இங்கேயும் உண்டு.

சரி, உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். கிரிப் வெறுமை என்று அவர்கள் சொன்னாலும், எனக்குக் கண்ணில் குத்தியது சம்பளம்தான். நீங்கள் 95,000 என்று எழுதுகிறீர்கள், வங்கிக் கூற்றில் 45,000 தான் வருகிறது. அதிகாரி கூற்றை விரித்து மாதம் மாதமாக விரல் வைத்துப் பார்ப்பார்: 25 ஆம் திகதி 45,000 வரவு, அடுத்த இரண்டு நாட்களில் ஏரிஎம்மில் 20,000, பிறகு இன்னொரு 20,000, மாதக் கடைசியில் சில ஆயிரம் மிச்சம். அவருடைய பார்வையில் உங்கள் வருமானம் 45,000, அதுவும் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிற வருமானம். கையில் வாங்கும் 50,000 க்கு ஊழியர் சேமலாப நிதியும் கட்டப்படாமல் இருக்கலாம். அப்படியானால் வேலையை உறுதிப்படுத்துகிற இன்னொரு தாளிலும் சின்னச் சம்பளம்தான் தெரியும். உங்களிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் அந்த நிதிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அட்டை கிடைக்கிறதோ இல்லையோ, அது உங்கள் வயது போன காலத்துக் காசு, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இதற்கு நீங்கள் செய்யவேண்டியது, முழுச் சம்பளத்தையும் வங்கியில் போடும்படி நிறுவனத்தைக் கேட்பது. சம்மதிக்காவிட்டால் கையில் வாங்கும் படியை வாங்கிய அன்றே நீங்களே கணக்கில் போடுங்கள், ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே திகதியில், ஒரே தொகையாக. பிறகு செலவுக்கு அதிலிருந்து எடுங்கள். சம்பள உறுதிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளத்தையும் படியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வங்கிகள் பொதுவாக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையான கூற்றைக் கேட்கும். ஆறு மாதம் இப்படி ஓடினால் உங்கள் கூற்று இன்றைக்கு இருப்பதைவிட வேறு ஆளுடையது போல இருக்கும். தானே போட்ட காசை முழுதாக வருமானம் என்று ஏற்பதா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். கடிதத்தில் உள்ள தொகையும் கணக்கில் உள்ள வரவும் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஏற்பார்கள். கஸ்தூரியார் வீதியில் நல்ல வியாபாரம் ஓடுகிற கடைக்காரர்களுக்கும் இதே வில்லங்கம்தான். லாச்சியில் இலட்சக்கணக்கில் புரளும், பாஸ் புத்தகத்தில் வருடத்துக்கு நாலு வரி இருக்கும். அவர்களை எனக்கு நேரில் தெரியும், நாணயமும் தெரியும், ஆனால் கொழும்புக்கு அனுப்புகிற கோப்பில் என் பழக்கத்தை இணைத்து அனுப்ப முடியாது.

இன்னொன்று. ஒரு வங்கி காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். மற்ற வங்கி ஒன்றுமே இல்லை என்று சொன்னதை நம்பி இருந்துவிடாமல், உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே ஒருதரம் எடுத்துப் பாருங்கள். தன் அறிக்கையைத் தானே பெற எவருக்கும் வழி இருக்கிறது. கட்டணம் கட்டி இணையத்தினூடாகவும் எடுக்கலாம், தேசிய அடையாள அட்டையோடு வங்கிக் கிளையில் கேட்டும் விண்ணப்பிக்கலாம். நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் பிணை. வடமராட்சியில் ஒரு ஆசிரியை கடனட்டைக்கு வந்தார். நிரந்தர நியமனம், சம்பளம் எங்கள் கிளைக்கே வருகிறது, தன் பெயரில் ஒரு ரூபா கடன் இல்லை. அறிக்கை வந்தபோது கடனாளர் பகுதி வெறுமை, அதற்குக் கீழே பிணையாளர் பகுதியில் ஒரு வரி: முச்சக்கர வண்டி லீசிங், தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் பிந்தியிருக்கிறது. அக்காவின் கணவருக்காகக் கையெழுத்து வைத்தது. வைத்தவர் அதை மறந்தே போயிருந்தார், கட்டவேண்டியவர் தாமதத்தை அவருக்குச் சொல்லவும் இல்லை. என் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டே அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். நிலுவையைக் கட்டி, அது அறிக்கையில் திருந்தி வர மாதங்கள் சென்றன, அதற்குப் பிறகுதான் அட்டை கிடைத்தது.

2009 க்குப் பிறகு ஏ9 வீதியால் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன்காரரும் வந்து இறங்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் முகத்துக்காகக் கையெழுத்து வைத்தது மிக அதிகம். கிராமங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு மற்றவர் பிணை நின்றார்கள். ஆகவே “நான் கடன் எடுக்கவில்லை” என்பதோடு நிற்காமல், “எங்கேயாவது கையெழுத்து வைத்தேனா” என்றும் யோசியுங்கள். அறிக்கையில் பிழையான பதிவு இருந்தால், அந்தப் பதிவை அனுப்பிய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் திருத்தவேண்டும். கிரிப்பிலும் ஆட்சேபம் பதியலாம், ஆனால் அவர்களும் அந்த நிறுவனத்தைக் கேட்டுத்தான் திருத்துவார்கள்.

மூன்றாவது வங்கி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு வங்கி உங்கள் அறிக்கையை எடுக்கும்போது, எடுத்த செய்தியும் அதில் பதிவாகிறது. இது நிச்சயம். அடுத்த வங்கி அதைப் பார்க்கும்: கிட்டடியில் இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள், ஒரு இடத்திலும் கடன் கொடுக்கப்படவில்லை. அந்த வரிகளுக்கு எவ்வளவு பாரம் கொடுப்பார்கள் என்பது அதிகாரியையும் வங்கியின் முறையையும் பொறுத்தது. நான் இருந்த மேசையில் அது தனியே ஒரு காரணமாகாது, ஏற்கெனவே உள்ள சந்தேகத்தைக் கூட்டும். இப்போதிருக்கும் அதே கூற்றோடு மூன்றாவது இடத்துக்குப் போனால் அதே பதில் வர வாய்ப்பு அதிகம். கடைத்தொகுதி வாசல்களில் மேசை போட்டு “சம்பளச் சீட்டு இருந்தால் காணும்” என்று விண்ணப்பம் நிரப்புகிற முகவர்களிடமும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். அவர்கள் நிரப்பும் ஒவ்வொரு படிவமும் இன்னொரு விசாரணை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைப்பது அதைவிட மோசம்.

மோட்டார் சைக்கிள் லீசிங்கை எடுத்துப் பதிவை உண்டாக்கலாம் என்பது பொய்யல்ல. தவணையை ஒழுங்காகக் கட்டினால் பதிவு நல்லதாகத்தான் வரும். ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். கடன் தீரும்வரை வண்டியின் முழு உரிமை கொம்பனிக்கு. மூன்றாந்தரப்புக் காப்புறுதி காணாது, முழுக் காப்புறுதி எடுக்கவேண்டும். வருடக்கணக்கில் வட்டி. ஒரு மாதம் சம்பளம் பிந்தினால் நீங்கள் உண்டாக்க நினைத்த நல்ல பதிவே கெட்ட பதிவாகிவிடும். வண்டி உண்மையில் தேவை, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. பதிவுக்காக மட்டும் வட்டி கட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இனி வைப்பு. ஒரு வங்கியில் உங்கள் பெயரில் நிலையான வைப்பு ஒன்றைப் போட்டு, அதை ஈடாக எழுதிக் கொடுத்து அட்டை கேட்பதுதான் வழி. எல்லா வங்கியும் இதை விளம்பரப்படுத்துவதில்லை, கிளையில் கேட்டால் சொல்வார்கள். வைப்பின் மீது வங்கிக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைப்பீர்கள். அட்டை நடைமுறையில் இருக்கும்வரை அந்தக் காசை எடுக்க முடியாது, ஆனால் வட்டி உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். அந்த வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், வருமானம் வரி எல்லைக்குள் வராதவர்கள் அதற்கு உரிய பிரகடனத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். அட்டையின் எல்லை வைப்புத் தொகையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எத்தனை சதவீதம் என்பது வங்கிக்கு வங்கி வேறு. இரண்டு இலட்சம் போட்டால் ஒன்றரை இலட்சம் அளவில் எதிர்பார்க்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு, அதை உறுதி என்று எடுக்கவேண்டாம். நீங்கள் கட்டாவிட்டால் வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கிரிப் வெறுமையாக இருப்பதும் சம்பளம் பாதி கையில் வருவதும் இங்கே அவ்வளவு தடையாகாது.

இதில் எனக்குப் பிடித்தது, இந்த அட்டையும் மற்றக் கடனட்டை போலவே கடனாகக் கணக்கிடப்பட்டுக் கிரிப்புக்குப் போகும் என்பது. ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டிவந்தால், ஒரு சதமும் வட்டி கொடுக்காமல் உங்கள் பெயரில் ஒரு நல்ல பதிவு வளரும். வருடக் கட்டணம் மட்டும் இருக்கும், முதல் வருடம் விட்டுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். விண்ணப்பிக்கும்போதே, ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் வைப்பை விடுவித்து அட்டையைச் சாதாரண அட்டையாக மாற்றுவீர்களா என்றும் கேட்டு வையுங்கள். சில இடங்களில் மாற்றுவார்கள், சில இடங்களில் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

மாமா காசு அனுப்பத் தயாராக இருக்கிறார் என்றால் இரண்டு விதமாகச் செய்யலாம். அவருடைய பெயரில் உள்ள வைப்பையே ஈடாக வைப்பது ஒன்று. அதற்கு அவர் கையெழுத்திட வேண்டும், அவர் ரொறன்ரோவில் இருந்தால் அடையாள ஆவணங்களை உறுதிப்படுத்தி அனுப்பி வீணாக இழுபடும். நாளைக்கு நீங்கள் ஒரு மாதம் தவறினால் கைவைக்கப்படுவது அவருடைய காசு, அது குடும்பத்துக்குள் மனக்கசப்பாகும். அவர் உங்கள் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பி, நீங்கள் உங்கள் பெயரில் வைப்புப் போடுவது சுகம். உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் கைமாற்றித் தரும் வழியில், எடுக்கவேண்டாம். வங்கி வழியாக வந்தால் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தாளிலேயே பதில் இருக்கும். காசு போடுகிற நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, உங்கள் தொகை அதற்குள் அடங்கும்.

துணை அட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். அப்பாவின் அட்டையில் உங்கள் பெயருக்கு ஒரு துணை அட்டை எடுத்தால் செலவழிக்கலாம், கடன் பொறுப்பு முழுவதும் அப்பாவுக்கு. உங்கள் சொந்தப் பதிவை வளர்க்க அதை நம்பாதீர்கள்.

அட்டை கையில் வந்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கூடுதல் கவலை. விண்ணப்பத்திலேயே கணக்கிலிருந்து தானாகக் கழிப்பதற்கு ஒரு பகுதி இருக்கும், அதில் இரண்டு கட்டங்கள்: ஆகக்குறைந்த தொகை, முழுத் தொகை. எங்கள் ஆட்கள் ஆகக்குறைந்த தொகைக்குச் சரி போட்டுவிட்டு, எல்லாம் தானாகக் கட்டுப்படுகிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 28 சதவீதம் என்று உச்சம் வைத்தது. அதற்கு முன், 2020 இல் 18 சதவீதமாக இருந்த உச்சத்தை 2022 நெருக்கடியில் எடுத்துவிட்டபோது வட்டி 30 சதவீதத்தையும் தாண்டிப் போனது. 28 என்றே வைத்தால் ஒரு இலட்சம் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 2,300 ரூபாவுக்குக் கொஞ்சம் கூட. ஆகக்குறைந்த தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுகிற 5,000 இல் அரைவாசிக்குக் கிட்ட வட்டிக்கே போய்விடும், முதல் குறைவது 2,700 அளவில்தான். கிரிப்பில் உங்கள் பெயர் தாமதம் இல்லாமல் அழகாக இருக்கும், காசு மட்டும் கரைந்துகொண்டிருக்கும். முழுத் தொகை என்ற கட்டத்துக்கே சரி போடுங்கள், கட்டவேண்டிய திகதிக்கு முதல் கணக்கில் காசு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதோடு, ஒரு மாதம் முழுதாகக் கட்டாமல் விட்டால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அட்டையால் ஏரிஎம்மில் காசு எடுத்தால் அந்தச் சலுகை தொடக்கத்திலிருந்தே இல்லை, எடுத்த கையோடு கட்டணமும் வட்டியும் விழும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், கலியாணக் காலத்தில் கையில் காசு முட்டுப்படும்போது இதைத்தான் பலர் செய்கிறார்கள். அந்த நேரத்தில் நகையை ஈடு வைப்பது வட்டியில் மலிவு. 2023 இல் அதே உத்தரவில் அடகுக்கு வைத்த உச்சம் 18 சதவீதம். முதல் ஆறு மாதத்துக்கு அட்டையை ரெலிபோன் பில், பெற்றோல், மாதச் சாமான் என்று எப்படியும் செலவழிக்கிற இரண்டு மூன்று விடயத்துக்கு மட்டும் வைத்திருங்கள், 15,000 அல்லது 20,000 போதும். எல்லை ஒன்றரை இலட்சம் இருப்பது செலவழிப்பதற்கு வந்த காசு இல்லை.

எவ்வளவு காலத்தில் சாதாரண அட்டை கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஆறு மாதத்தில் பதிவு தெரியத் தொடங்கும், ஒரு வருடத்தில் அதிகாரி வாசிக்கக்கூடிய அளவுக்கு இருக்கும். அதற்குமேல் திகதி சொல்ல எவராலும் முடியாது. நாட்டின் நிலைமை இறுகினால் வங்கிகளும் இறுக்கும், 2022 இல் அதைக் கண்டோம். வேலை மாறுவதாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முதல் மாறாதீர்கள். புதிய இடத்தில் நிரந்தரமாக்கும்வரை மறுபடி காத்திருக்க வேண்டிவரும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. அரசாங்க வேலையில், பல்கலைக்கழகத்தில், போதனா வைத்தியசாலையில் இருப்பவர்கள் சம்பளம் வரும் வங்கியிலேயே கேட்டால் வைப்பு இல்லாமலும் பெரும்பாலும் சரிவரும். வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் பலர் இப்போது எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் வருகிற காசு அத்தனையையும் ஒரே கணக்குக்கு எடுத்து, ஒப்பந்தத்தையும் வைத்து, வரி இலக்கமும் எடுத்து வருமான விபரத்தைத் தாக்கல் செய்து வைத்தால், அந்த வரித் தாள் எந்தச் சம்பளக் கடிதத்தையும்விடப் பெறுமதி. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை, ஆகவே தாக்கல் செய்தால் பெரிய தொகை போய்விடும் என்று பலர் பயப்படுவது தேவையில்லை.

இந்தக் கிழமை நீங்கள் செய்யவேண்டியது: காரணம் சொல்லாத வங்கிக்குப் போய் எதனால் மறுத்தார்கள் என்று பண்பாகக் கேளுங்கள், கிரிப்பா, சம்பளமா, தொழில் நிறுவனமா என்ற அளவிலாவது பெரும்பாலும் சொல்வார்கள். அறிக்கையை எடுங்கள். சம்பளம் வரும் வங்கியின் கிளையில் முகாமையாளரையோ கடன் அதிகாரியையோ நேரில் கண்டு, வைப்பின் மீது அட்டை தருவீர்களா, எல்லை எவ்வளவு, வருடக் கட்டணம் எவ்வளவு, வைப்பை எப்போது விடுவிப்பீர்கள் என்று நான்கையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பள உறுதிக் கடிதம், வதிவிடத்துக்குக் கரண்ட் பில் கொண்டுபோங்கள். பில் அப்பாவின் பெயரில் இருந்தால் கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். எங்காவது முறைகேடாக நடத்துகிறார்கள், கேட்காத கட்டணம் போடுகிறார்கள் என்றால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள், சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, ரெலிபோன் இலக்கம் 1935. அறிக்கை வந்ததும் பிணையாளர் பகுதியில் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் இங்கே எழுதுங்கள், இலக்கங்களையோ அடையாள அட்டை விபரத்தையோ போடவேண்டாம். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.